நாலரை மணிக்குத் துள்ளிய வெயில்

கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, எங்கள் வானிலை நிலையத்தின் பழைய வெயில் அட்டைகளில் ஒன்பது ஆண்டுகளுக்கு உரியவை நம்பத்தகுந்தவை அல்ல. இரண்டு, அவற்றில் உள்ள எரிந்த கோடுகள் வெயிலால் விழுந்தவையாகத் தெரியவில்லை. ஊதுபத்தி போன்ற ஏதோவொன்றால் கையால் இடப்பட்டிருக்கலாம். மூன்று, ஆகவே அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டாம். மாத முடிவில் நடக்கும் பொருட்கணக்கெடுப்பின்போது அழித்துவிடலாம்.

ஊதுபத்தி என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அதை எழுதியவர் தலைமை அலுவலகத்தில் தரவுகளைச் சரிபார்க்கும் நிபுணர். எங்கள் அட்டைகளில் பத்துப் பன்னிரண்டின் படங்களைக் கணினித் திரையில் பார்த்திருப்பார். மண்டூர்ப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை.

நான் அந்த நிலையத்தில் ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளர். நிலையம் என்பது பெரிய பேச்சு. வட்டைக்கு நடுவே, சுற்றிவர நெல் விளைகிற வெளியில், இரண்டு அறைக் கட்டடம், மழைமானி, காற்றுமானி, ஒரு கொங்கிறீற்றுத் தூண். அந்தத் தூணின் மேல் ஒரு காலத்தில் கண்ணாடிக் குண்டொன்று இருந்தது. தேங்காயை விடச் சற்றுச் சிறியது. எந்தத் திசையிலிருந்து வெயில் விழுந்தாலும் அதை ஒரு புள்ளியாகக் குவிக்கும். குண்டுக்குக் கீழே வளைந்த உலோகக் கிண்ணத்தில், மணிக்கோடுகள் அச்சிட்ட நீல அட்டையொன்றைச் செருகி வைப்பார்கள். சூரியன் நகர நகர அந்தப் புள்ளி அட்டையைக் கருக்கிக்கொண்டு போகும். முகில் மறைத்தால் கோடு அறும். விலகினால் தொடரும். மாலையில் அட்டையை எடுத்தால் அன்றைய வெயில் எத்தனை மணி நேரம் என்று அளந்து சொல்லலாம். மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் அட்டை, அதை மாற்ற ஒரு மனிதர், அவ்வளவுதான்.

குண்டு இப்போது அலுமாரிக்குள் இருக்கிறது. தூணில் மின்னணு உணரி இருக்கிறது. அட்டைகள் பின்னறையில், கட்டுக் கட்டாக, பிஸ்கட் தகரங்களுக்குள். அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவதற்குத்தான் என்னை எடுத்தார்கள்.

கடிதத்தை வாசித்ததும் பொறுப்பதிகாரியிடம் கொண்டுபோனேன். கோபக்காரர் அல்ல, கெட்டவரும் அல்ல. தகரங்கள் போனால் அந்த அறையில் ஒரு மேசை போடலாம் என்பது அவருடைய நீண்டகால ஆசை.

"விடுங்க தங்கச்சி, மேல இருந்து வேணாம் எண்டா நமக்கென்ன. வேல குறைஞ்சிட்டு எண்டு நினைங்க."

கோபம் வந்தால் எனக்குக் குரல் உயராது. கொப்பியை எடுத்துப் பட்டியல் போடுவேன். அன்று போட்ட பட்டியல் இப்போதும் என்னிடம் இருக்கிறது. நிபுணர் சொன்ன காரணங்கள்: அ) தான் பார்த்த மார்ச், செப்டெம்பர் அட்டைகள் எல்லாவற்றிலும் எரிகோடு ஒரே இடத்தில் முறிந்து, சற்றுத் தள்ளித் தொடர்கிறது. சூரியன் துள்ளுவதில்லை. ஆ) மழைப் பதிவேட்டில் பின்னேரம் மழை என்று எழுதியிருக்கும் நாட்களிலும் அட்டையில் பின்னேர வெயில் விழுந்திருக்கிறது. இ) அது யுத்தகாலம், அங்கே யார் ஒழுங்காக வேலை செய்திருப்பார்கள். மூன்றாவது கடிதத்தில் இல்லை. தொலைபேசியில் விளக்கம் கேட்டபோது சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார்.

முதல் இரண்டும் கேள்விகள். அவற்றுக்குப் பதில் தேடலாம். மூன்றாவதை என்ன செய்வது?

சூரிய ஆராய்ச்சி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது சூரியனை நெருங்கிப் பறக்கும் விண்கலம். பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரை எனக்கும் அப்படித்தான். வந்தாறுமூலை வளாக நூலகத்தில், செங்கலடி பஸ்ஸுக்கு நேரம் இருக்கும் பின்னேரங்களில் வாசித்துத்தான் வேறு விதமாக அறிந்தேன். நானூறு வருடங்களாக அந்த ஆராய்ச்சி பெரும்பாலும் ஒரே வேலையைத் தினமும் செய்கிற ஆட்களின் கையில் இருந்திருக்கிறது. தொலைநோக்கியில் வரும் சூரியனைக் கடதாசியில் விழுத்தி, அதன் கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்தார்கள். ஒருவர் இறந்தால் அடுத்தவர் வரைந்தார். புள்ளிகள் பதினொரு வருடத்துக்கு ஒரு தரம் போலக் கூடிக் குறைகின்றன என்பது அப்படித்தான் தெரியவந்தது. கண்டுபிடித்தவர் தேடியது வேறொரு கிரகத்தை. கிரகணத்தன்று சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள், பூமியில் அதுவரை எவரும் கண்டிராத ஒரு வாயுவின் அடையாளத்தை அதில் கண்டார்கள். பின்னர் உலகம் முழுவதும் நிலத்தில் எடுத்த பழைய வெயில் பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோது, சில பத்தாண்டுகள் பல நாடுகளில் நிலத்துக்கு வந்த வெயிலே குறைந்திருந்தது தெரிந்தது. புகையும் தூசியும் வழியில் மறித்திருந்தன. எங்கள் குண்டு போன்ற குண்டுகளும் அந்தப் பதிவுகளில் அடக்கம்.

இது படித்தவர்களுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. நெல் பூக்கும் நாட்களில் வெயில் குறைந்தால் பதர் கூடும் என்று எங்கள் வட்டைக்காரர் எவரும் சொல்வார். எவ்வளவு குறைந்தால் எவ்வளவு கூடும் என்று சொல்லத்தான் அட்டை வேண்டும். இன்று வாவிக்கரையில் சூரிய மின்தகடு போட வருபவர்கள் செய்மதிக் கணக்கைக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்குச் சரியா என்று பார்க்க நிலத்தில் எடுத்த பதிவு வேண்டும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அந்த ஆண்டுகளுக்கு இருக்கும் ஒரே வெயில் பதிவு, நான் அறிந்தவரை, எங்கள் பிஸ்கட் தகரங்களில் இருந்தது. அதைத்தான் அழித்துவிடலாம் என்றார்கள்.

அந்த ஒன்பது ஆண்டும் அட்டை மாற்றியவர் ஒரே ஆள். இளைப்பாறி, களுதாவளையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனேன். மெலிந்த, நிமிர்ந்த மனிதர். சேட்டுப் பையில் அப்போதும் ஒரு பேனை. கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன்.

"ஊதுபத்தியா?" என்றார். "எங்கட வீட்டுல சாமிக்கே ஊதுபத்தி இல்லாத காலம் மனே அது."

உள்ளிருந்து அவருடைய மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் சிரிக்கவில்லை. அட்டையை எத்தனை மணிக்கு மாற்றினீர்கள் என்று கேட்டேன். பதிவேட்டில் இருக்கிறபடி ஆறரைக்கு என்றார். சூரியன் மறைந்த பிறகுதான் மாற்ற வேண்டும் என்பது விதி. விதிப்படி மாற்றினேன் என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. அவரை நம்பினேன்.

திங்கட்கிழமை தகரங்களைத் திறந்தேன். அதுவரை ஆண்டு வரிசையில் வைத்திருந்த அட்டைகளை மாத வரிசைக்கு மாற்றினேன். எல்லா மார்ச்சும் ஒரு கட்டு, எல்லா ஜூனும் ஒரு கட்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக் குறித்தேன். மார்ச்: கோடு முறியும் இடம் நாலரை மணி, மாலைத் துண்டு அட்டையின் வடக்கு விளிம்புப் பக்கம் அரை மில்லிமீற்றர் தள்ளி. ஜூன்: முறிவு இல்லை. செப்டெம்பர்: அதே நாலரை, ஆனால் தெற்குப் பக்கம் தள்ளி. டிசம்பர்: வெயில் விழுந்த நாட்கள் குறைவு, விழுந்த நாட்களில் முறிவு இல்லை. ஒன்பது ஆண்டும் அப்படியே. கையால் கோடு இழுக்கிறவன் மார்ச்சில் ஒரு பக்கமும் செப்டெம்பரில் மறுபக்கமும் ஏன் தள்ளி இழுக்க வேண்டும்? ஜூனில் மட்டும் ஏன் கை நடுங்காமல் இருக்க வேண்டும்?

கேள்வியோடு பின்னேரம் துறைக்குப் போனேன். வாவியைக் கடக்க எங்களுக்கு ஒரு மிதவை உண்டு. மோட்டார் சைக்கிள், ஆடு, ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் போகும். அதைப் பாதை என்போம். பாலம் வரும் வரும் என்கிறார்கள். அன்று பாதை பிந்திவிட்டது. நான் நேரத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டதைக் கண்டு, மரக்கறிக் கூடையோடு பக்கத்தில் நின்ற பெண் சொன்னார்:

"இதுக்கே அலுக்காத பிள்ள. பிரச்சினை நேரம் கடைசிப் பாதை நாலே முக்காலுக்கு. அதுக்குப் பிறகு காவலுக்கு நிக்கிறவங்க ஒரு தோணியையும் விட மாட்டாங்க. விட்டா விடியத்தான்."

நான் பாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுகரையில் களுதாவளைக்குப் போகும் தெரு. அவருடைய வீடு எழுவான்கரையில். வேலை படுவான்கரையில். சூரியன் எழும் கரையில் வீட்டையும் படும் கரையில் வேலையையும் வைத்திருந்த ஒருவர், சூரியன் படும்வரை நின்று அட்டை மாற்றினால் எப்படி வீட்டுக்குப் போயிருப்பார்? நிலையத்தில் இரவு தங்க அந்தக் காலத்தில் எவருக்கும் அனுமதி இருந்ததில்லை. நாலரைக்கு அட்டையை மாற்றிவிட்டுச் சைக்கிளை மிதித்தால்தான் நாலே முக்கால் பாதை.

அப்படியென்றால் நாலரைக்குப் போட்ட புது அட்டையில் முதலில் விழுவது அன்றைய மாலை வெயில். பிறகு மறுநாள் காலையிலிருந்து நாலரை வரையான வெயில். அதன் பிறகு அட்டை எடுபடும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு முழுநாள் வெயில் இருக்கும். ஆனால் மாலைத் துண்டு முந்திய நாளுக்கு உரியது. பின்னேர மழை நாளின் அட்டையில் பின்னேர வெயில் இருந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. முறிவுக்கும் அதுதான் காரணம். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் சூரியன் நாளுக்கு நாள் வடக்கே அல்லது தெற்கே வேகமாக இடம் மாறும். ஒரு நாள் இடைவெளியில் விழுந்த இரண்டு கோடுகள் பொருந்தா. ஜூனிலும் டிசம்பரிலும் அது திரும்புமிடத்தில் ஏறக்குறைய நிற்கும், அப்போது கோடுகள் பொருந்தும். அட்டையில் துள்ளியது சூரியனுடைய ஒருநாள் நகர்வு.

நினைத்தால் போதாது. அது செப்டெம்பர் மாதம். அலுமாரியிலிருந்து குண்டை எடுத்துத் துடைத்தேன். மிச்சமிருந்த வெற்று அட்டைகளில் இந்தப் பருவத்துக்குரிய நேரானவற்றைத் தேர்ந்து, பழைய தூணில் உணரிக்குப் பக்கத்தில் கிண்ணத்தைப் பூட்டினேன். நாலரைக்கு அட்டை போட்டு, மறுநாள் நாலரைக்கு எடுத்தேன். முதல் நாள் முகில். இரண்டாம் நாள் முகில். நான்காம் நாள் எடுத்த அட்டையில் நாலரைக் கோட்டில், தெற்குப் பக்கம் தள்ளி, அரை மில்லிமீற்றர் முறிவு. பொறுப்பதிகாரியைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்தார். மறுபடி பார்த்தார். இதை யாருக்குச் சொல்வீர்கள் என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

நிபுணருக்கு எல்லாவற்றையும் படங்களோடு அனுப்பினேன். சுவாரசியமான விளக்கம் என்று பதில் வந்தது. ஆனால் பதிவேட்டில் அட்டை மாற்றிய நேரம் 18.30 என்று ஒவ்வொரு நாளும் கையொப்பத்தோடு இருக்கிறதே, நான் எதை நம்புவது, உங்கள் விளக்கத்தையா உங்கள் நிலையத்தின் பதிவேட்டையா என்று கேட்டிருந்தார். அவதானித்தவரே எழுத்தில் திருத்தினால் யோசிக்கலாம் என்றார்.

அப்போதுதான் எனக்கு அட்டை மாற்றிய அந்த மனிதர் மீதும் கோபம் வந்தது. ஒன்பது ஆண்டும் நாளுக்கொரு தடவை பொய் நேரம் எழுதியிருக்கிறார். எழுதியது போதாதென்று என் முகத்துக்கு நேரேயும் ஆறரை என்றிருக்கிறார். அடுத்த ஞாயிறு, பதிவேட்டின் படங்களோடும் என் அட்டையோடும் போனேன். இருங்கள் என்று சொல்வதற்குள் அட்டையை அவர் கையில் கொடுத்தேன். நாலரையில் இருந்த முறிவைப் பார்த்தார். கண்ணாடி தேவைப்படவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீ போட்டியா?"

"ஓம் ஐயா. போன கிழமை."

"நல்லா விழுந்திரிக்கு," என்றார்.

ஏன் ஆறரை என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். குரலை உயர்த்தாமல்தான் கேட்டேன். ஆனால் அவருடைய மனைவி தேத்தண்ணியோடு வந்து என்னைப் பார்த்த பார்வையில், அது உயர்ந்த குரலை விட மோசமாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

அவர் மெதுவாகச் சொன்னார். உள்ள நேரத்தையே எழுதலாமா என்று முதலில் கேட்டு எழுதினாராம். விதிப்படி மாற்றாத நிலையங்களை மூடவேண்டி வரும் என்று மேலிடத்திலிருந்து குறிப்பு வந்ததாம். அன்றிலிருந்து ஆறரை. மாலையில் அட்டையில்லாமல் கிண்ணத்தை வெறுமையாக விட்டால் விதியையும் மீறியதாகும், வெயிலும் வீணாகும். அதனால் புது அட்டையைப் போட்டுவிட்டே போயிருக்கிறார். மாதக் கூட்டுத்தொகை எப்படியும் சரியாக வரும் என்று அவருக்குத் தெரியும். பாதையில் வரும்போது மேற்கே திரும்பிப் பார்த்து, இப்போது என் நாளைய அட்டையில் எரிகிறது என்று நினைத்துக்கொள்வாராம்.

இதை அப்படியே எழுதித் தாருங்கள் என்றேன்.

"மாட்டன்," என்றார். "நாலரை எண்டு எழுதினா, கையெழுத்தெல்லாம் பொய் எண்டு ஆகும். நேரம் பொய் எண்டா வெயிலும் பொய் எண்டுவாங்க. ஊதுபத்தி எண்டு சொன்னது சரிதான் எண்டுவாங்க. நான் கள்ளன் எண்டு நானே எழுதித் தரவா?"

"எழுதாட்டி மாச முடிவுல எரிச்சிருவாங்க ஐயா."

மனைவிதான் பேசினார், என்னிடம் பேசுவது போல.

"பொய் எழுதத் தெரிஞ்ச மனிசன் எண்டா இவர் எப்பவோ தலைமைக் கந்தோருக்குப் போயிரிப்பார் பிள்ள. ஒரு பொய்ய எழுதிப்போட்டு அத இன்னும் சுமக்கிறார். இறக்கி வைக்கச் சொல்லு."

நான் இறக்கி வைக்கச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? இரண்டு தேதிகளை மட்டும் சொன்னேன்: கணக்கெடுப்பு என்றைக்கு, அட்டைகளை வெளியே எடுத்து அடுக்கும் நாள் என்றைக்கு. பஸ்ஸில் திரும்பும்போது யார் மேல் கோபப்படுவது என்று பட்டியல் போட முயன்றேன். காவல் நின்றவர்கள். குறிப்பு அனுப்பியவர்கள். சிரித்த நிபுணர். அந்த மனிதர். வரிசை ஒவ்வொரு தடவையும் மாறியது. கடைசியில் மேலே வந்தது பதிவேட்டின் அந்தக் கட்டம்தான். நேரத்தை எழுது என்று இடம் விட்டு, எந்த நேரத்தை எழுத வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்ட கட்டம்.

புதன்கிழமை காலைப் பாதையில் அவர் வந்திறங்கினார். எனக்குச் சொல்லியிருக்கவில்லை. வெள்ளைச் சேட்டு, பையில் பேனை. நிலையத்துக்குள் வந்ததும் முதலில் தூணடிக்குப் போய்க் குண்டைப் பார்த்தார். அதில் காக்கை எச்சம் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையால் துடைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பதிவேடுகளைக் கேட்டார். ஒன்பது. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஒரே வசனத்தை எழுதினார்: இந்த ஆண்டில் அட்டை நாலரை மணிக்கு மாற்றப்பட்டது; 18.30 என்று நான் எழுதியது பிழை. கடைசிப் பாதை 4.45. கீழே கையொப்பம், அன்றைய தேதி. ஒன்பதாவதை எழுதி முடித்ததும் பேனையை மூடி, பொறுப்பதிகாரியைப் பார்த்து, பொலிசுக்குப் போன் பண்ணுறதெண்டா பண்ணுங்க சேர் என்றார். பொறுப்பதிகாரி எழுந்து தன் கதிரையை அவருக்குக் கொடுத்தார்.

தலைமை அலுவலகத்தின் பதில் மாத முடிவுக்கு இரண்டு நாள் முன்னர் வந்தது. அழிக்க வேண்டாம். கணினியில் ஏற்றலாம். மாலைத் துண்டுகளை முந்திய நாளுக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும். ஊதுபத்தியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வருத்தமும் இல்லை. கடைசி வரியில், இந்த ஆண்டுகளின் ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்புக் காரணம் 'அவதானிப்பாளர் தவறு' எனத் தெரிவு செய்யவும் என்றிருந்தது.

அந்த மென்பொருளில் காரணத்துக்கு நான்கே தெரிவுகள். கருவிப் பழுது. அவதானிப்பாளர் தவறு. அட்டை இல்லை. வேறு. ஒரே அழுத்தில் ஒன்பது ஆண்டுக்கும் அவதானிப்பாளர் தவறு என்று போட்டுவிடலாம். வேறு என்பதைத் தெரிவு செய்தால் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியே காரணத்தைத் தட்டச்ச வேண்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள்.

நான் இப்போது நான்காம் ஆண்டின் அட்டைகளில் இருக்கிறேன். ஒவ்வோர் அட்டையாக ஸ்கேன் செய்கிறேன். மாலைத் துண்டை முந்திய நாளுக்கு நகர்த்துகிறேன். வேறு என்பதை அழுத்துகிறேன். கட்டத்தில் எழுதுகிறேன்: கடைசிப் பாதை 4.45.